முதலில் எந்த கார்டு பாஸ்?

1994 டிசம்பரில் அமெரிக்காவின் டல்சா நகரில் நடந்த நான்காவது யுஎஃப்சி போட்டியின் இறுதிச் சுற்று. டான் செவர்ன், ராய்ஸ் கிரேசியைத் தரைக்குக் கொண்டுவந்து மேலே ஏறிக்கொண்டார். செவர்ன் பேர்பெற்ற மல்யுத்த வீரர். எடையில் ராய்ஸைவிட முப்பது கிலோவுக்கு மேல் கூடுதல். மல்யுத்தக் கணக்குப்படி பார்த்தால் வேலை அத்தோடு முடிந்தது, முதுகு மண்ணில் பட்டவன் தோற்றவன். ராய்ஸோ மல்லாந்து கிடந்தபடியே இரண்டு கால்களையும் செவர்னின் இடுப்பைச் சுற்றிப் பின்னிக்கொண்டு காத்திருந்தார். கால் மணி நேரத்துக்கு மேல் அந்தப் பெரிய உடம்பு அந்தக் கால்களுக்குள்ளேயே கிடந்தது. 15 நிமிடம் 49 விநாடியில் ராய்ஸின் கால்கள் மேலேறி செவர்னின் கழுத்தை முக்கோணமாகப் பூட்டின. செவர்ன் தட்டி விட்டுக்கொடுத்தார்.

செவர்னிடம் பலமும் குறைவில்லை, பொறுமையும் குறைவில்லை. அந்தக் கால்களைத் தாண்டும் வழிதான் தெரியவில்லை. மல்லாந்து கிடப்பவர் தனக்கும் எதிராளிக்கும் நடுவே கால்களை வைத்துக்கொண்டு சண்டை போடும் நிலைக்கு பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் கார்டு என்று பெயர். அந்தக் கால்களைக் கடந்து போய் மார்போடு மார்பு அமுக்கி உட்காருவது கார்டு பாஸ். போட்டிகளை நடத்தும் ஐபிஜேஜேஎஃப் கூட்டமைப்பின் விதிப்படி, பாஸ் செய்து மூன்று விநாடி அங்கேயே நிலைத்தால் 3 புள்ளி. நின்றுகொண்டிருப்பவரைக் கீழே வீழ்த்தினால் 2 தான். விதி எழுதியவர்கள் சரியாகத்தான் எடைபோட்டிருக்கிறார்கள். ஒருவரைத் தள்ளுவதைவிடத் தள்ளிய பிறகு அவர் கால்களைக் கடப்பதுதான் பெரும்பாடு.

அப்படியானால் புதிதாகச் சேர்ந்தவருக்கு முதலில் எந்தப் பாஸைச் சொல்லிக்கொடுப்பது? பயிற்சிக்கூடத்துக்குப் பயிற்சிக்கூடம் பதில் மாறுகிறது. ஏன் என்று கேட்டால், தங்கள் ஆசிரியர் அப்படித்தான் கற்றுக்கொடுத்தார் என்பார்கள். பரம்பரையும் ஒரு காரணம்தான், ஆனால் அது மட்டும் போதாது. முதலில் கற்ற பாஸ் ஒருவரோடு பல வருடம் கூடவே வரும். நெருக்கடியில் உடம்பு அதைத்தான் தேடும். ஆகவே அதைக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டும்.

முதல் பாஸ் உலகிலேயே வலிமையான பாஸாக இருக்க வேண்டியதில்லை. அது தோற்றால் என்ன ஆகும் என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது, ஏனென்றால் வெள்ளை பெல்ட்காரர் பெரும்பாலும் தோற்கத்தான் போகிறார். தோல்வி அவரைப் புறப்பட்ட இடத்துக்குத் திருப்பி அனுப்புகிறதா, கழுத்தில் கொண்டுபோய்ப் பூட்டுப் போடுகிறதா? குள்ளமானவர், ஒல்லியானவர், நாற்பது வயதைத் தாண்டியவர் எல்லோருக்கும் அது கைகொடுக்குமா? கீ என்ற தடித்த பயிற்சி உடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிற்குமா? எதிராளி தேறத் தேற அது உதிர்ந்துவிடுமா, கூடவே வளருமா? இவை எல்லாவற்றுக்கும் மேலாக, அதைக் கற்கும்போது மற்ற பாஸ்களுக்கும் பயன்படும் பொதுச் சரக்கு ஏதாவது கையில் தங்குமா? எனக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் கனமானது.

எடை போடுமுன் ஓர் ஆட்சேபத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதைச் சொன்னவர் சாதாரண ஆள் இல்லை. பலமுறை உலக சாம்பியனான சாலோ ரிபெய்ரோ 2008இல் வெளியிட்ட ‘ஜியு-ஜிட்சு யுனிவர்சிட்டி’ என்ற நூல் பாடங்களைப் பெல்ட் வாரியாகப் பிரிக்கிறது. வெள்ளைக்குப் பிழைத்திருத்தல், நீலத்துக்குத் தப்பித்தல், ஊதாவுக்கு கார்டு, பழுப்புக்கு கார்டு பாஸ், கருப்புக்கு முடிவுப் பிடிகள். அதாவது பாஸ் என்பது நான்காம் படி. இந்த வரிசைக்குப் பின்னால் ஆழமான யோசனை இருக்கிறது. அடியில் மாட்டினால் தப்பத் தெரியாதவர் மேலே இருக்கும்போதும் பயந்துகொண்டேதான் இருப்பார், பயந்தவர் எடையை முன்னால் கொடுக்க மாட்டார். பாஸுக்கு வேண்டிய முதல் மூலப்பொருள் அந்த நிதானம்தான். இதுவரை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஐபிஜேஜேஎஃப் வைத்திருக்கும் குறைந்தபட்சக் காலமே நீலத்தில் 2 வருடம், ஊதாவில் ஒன்றரை வருடம். அதற்கு முன் வெள்ளையில் இருந்த காலம் தனி. இவ்வளவு நாளும் அந்த மாணவர் தினமும் யாராவது ஒருவருடைய கால்களுக்கு நடுவில் முட்டி போட்டு உட்கார்ந்திருக்கத்தான் போகிறார். வழி சொல்லித்தராவிட்டால் தானாக ஒரு வழி கண்டுபிடிப்பார், அது முழங்கையால் தொடையைக் குத்துவதாகவோ தலையைக் குனிந்துகொண்டு முட்டுவதாகவோ இருக்கும். பின்னால் அதை மறக்கவைப்பது பெரிய வேலை. ரிபெய்ரோவின் வரிசையை எந்தப் பெல்ட்டில் எதில் ஆழமாக இறங்குவது என்ற அளவில் எடுத்துக்கொள்ளலாம். எப்போது தொடங்குவது என்பதற்கு அது விடை ஆகாது.

இனி வேட்பாளர்கள். ராய்ஸின் குடும்பம் வளர்த்த கிரேசி மரபைப் பின்பற்றும் பல பள்ளிகளில் பழைய பாடம் டபுள் அண்டர். மண்டியிட்டபடியே, இடுப்பைச் சுற்றிக் கால்களைப் பின்னிய மூடிய கார்டைத் திறந்து, இரண்டு கைகளையும் எதிராளியின் தொடைகளுக்கு அடியில் விட்டு, அவர் இடுப்பைத் தூக்கித் தோளில் ஏற்றி, அவரை அவர் மேலேயே மடித்து, மெல்ல ஒரு பக்கமாக நடந்து சுற்றி வருவது. இதற்கு ஒரு நியாயம் உண்டு, அதைச் சொல்லாமல் இதைக் குறைசொல்வது தவறு. அந்த மரபு முதலில் யோசித்தது தெருச் சண்டையை. தெருவில் கீழே கிடப்பவன் முகத்தில் உதைப்பான்; ஆகவே எழுந்து நிற்காமல், இடைவெளி விடாமல், உடம்போடு உடம்பாக ஒட்டியே கடக்க வேண்டும். அந்தக் கணக்கில் டபுள் அண்டர் புத்திசாலித்தனமான விடை.

பயிற்சிக்கூடத்துப் பாயில் கணக்கு வேறு. இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் தொடைகளுக்கு அடியில் போனால் பரவாயில்லை. புதியவருக்கு அப்படிப் போகாது. ஒன்று முன்னால் போகும், இன்னொன்று பின்தங்கும். ஒரு கை உள்ளே, ஒரு கை வெளியே என்ற அந்த ஒரு நொடிதான் முக்கோணப் பூட்டுக்கான வாசல். செவர்ன் விழுந்ததும் ஏறக்குறைய அதே வாசலில். அது ஒன்று. எதிராளியை மடிக்க எடை வேண்டும் என்பது இன்னொன்று: ஐம்பத்தைந்து கிலோ உள்ளவர் எண்பது கிலோ உள்ளவரை மடித்துக்கொண்டிருந்தால் அது உடற்பயிற்சி, பாஸ் ஆகாது. இவற்றைவிட எனக்கு உறுத்துவது, மடிக்கப்படுபவரின் கழுத்து. அவருடைய உடல் எடையும் மேலிருப்பவர் எடையும் சேர்ந்து கழுத்தெலும்பில் இறங்குகின்றன. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாத இரண்டு புதியவர்களை இதில் விடுவது, அதுவும் ஒருவருக்கு வயதாகியிருந்தால், பொறுப்பான காரியமாகத் தெரியவில்லை. முதல் பாஸ் என்ற போட்டியிலிருந்து இதை விலக்குகிறேன்.

அடுத்து டோரியாண்டோ. எழுந்து நின்று, எதிராளியின் கால்சட்டையை முழங்காலருகே இரண்டு கைகளாலும் பிடித்து, கால்களை ஒரு பக்கம் வீசித் தள்ளிவிட்டு, மறுபக்கமாகச் சுற்றி வந்து விழுவது. காளையைத் துணியால் ஒதுக்கும் ஆட்டத்திலிருந்து வந்த போர்ச்சுகீசியப் பெயர். தோல்வியின் விலை என்ற அளவுகோலில் இது எல்லாவற்றையும் தோற்கடிக்கிறது: தவறினால் எதிராளி கால்களை மறுபடி முன்னால் கொண்டுவருவார், நீங்கள் நின்றுகொண்டே இருப்பீர்கள், திரும்பவும் முயலலாம். கழுத்து, முழங்கை எதுவும் ஆபத்தில் இல்லை. புதியவருக்கு உடனடி மகிழ்ச்சியும் தருவது இதுதான். ஒரு நாளில் கற்று அடுத்த நாள் யாரையாவது கடந்துவிடலாம்.

அந்த மகிழ்ச்சியில்தான் எனக்குச் சந்தேகம். ஆரம்பத்தில் டோரியாண்டோ வெல்வது பெரும்பாலும் வேகத்தால். எதிரில் உள்ளவரும் புதியவர் என்பதால் அவருக்கு இடுப்பைத் திருப்பிக் கால்களை மீட்கத் தெரியாது. ஆறு மாதத்தில் தெரிந்துகொள்வார். அப்போது பழைய வேகம் போதாது, இன்னும் வேகமாக ஓட வேண்டும். இப்படி இருவரும் ஓடிக்கொண்டே இருப்பார்கள், மார்பு மார்பில் படவே படாது. கீ உடை இல்லாத ஆட்டத்தில் கால்சட்டைப் பிடி கிடையாது, வியர்வையில் வழுக்கும் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு இதே காரியத்தைச் செய்வது வேறு வித்தை. எடையை எங்கே வைப்பது என்பதை டோரியாண்டோ கடைசி நொடியில் மட்டுமே கேட்கிறது. அந்தக் கடைசி நொடியில்தான் புதியவர்கள் பாஸைக் கோட்டைவிடுகிறார்கள். சுற்றி வந்துவிடுவார்கள், மூன்று விநாடி நிலைக்க மாட்டார்கள். நல்ல இரண்டாம் பாஸ். முதலாவது இல்லை.

ஓவர்-அண்டர் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கை தொடைக்கு மேல், ஒரு கை தொடைக்கு அடியில், தோளால் இடுப்பை அமுக்கி அங்குலம் அங்குலமாக நகர்வது. பெர்னார்டோ ஃபரியா இதை வைத்தே ஐந்து முறை உலகப் பட்டம் வென்றார், 2015இல் எடைவரம்பில்லாத பிரிவையும் சேர்த்து. ஆனால் அவர் கனத்த பிரிவுக்காரர். ஒல்லியானவருக்கு இது காலம் கடந்து பலிக்கும், முதலில் பலிக்காது. இடுப்பை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக் கடக்கும் பாடி-லாக் பாஸ் இதைவிடப் பலமான வேட்பாளர். கீ இல்லாத ஆட்டத்தில் கார்டன் ரயனும் அவருடைய ஆசிரியர் ஜான் டனஹரும் இதைப் பரப்பிய பிறகு இன்று எங்கே பார்த்தாலும் இதுதான். மெதுவானது, பாதுகாப்பானது, பதற்றத்தைக் குறைப்பது. இதற்கு எதிராக நான் சொல்லக்கூடியது, கைகளைக் கோத்துக்கொள்ளுமளவு நெருங்குவதற்கே எதிராளியின் முழங்கால்களைத் தாண்டியாக வேண்டும் என்பதுதான். அந்தத் தாண்டலைத்தான் புதியவர் முதலில் கற்க வேண்டியிருக்கிறது. கீ உடையில் காலர் பிடியும் இடைஞ்சல். முழுக்க முழுக்க கீ இல்லாமல் நடக்கும் கூடங்கள் இதையே முதலாக வைத்தால் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

மிஞ்சியிருப்பது நீ-கட். முழங்காலைக் குறுக்கே செலுத்திக் கடக்கும் பாஸ். இதைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும்.

எதிராளி மல்லாந்து கிடக்கிறார், கால்கள் திறந்திருக்கின்றன. மேலிருப்பவர் தன் வலது காலை அவருடைய இரண்டு கால்களுக்கும் நடுவே வைக்கிறார். இடது பாதம் வெளியே ஊன்றியிருக்கிறது. வலது முழங்கால் எதிராளியின் வலது தொடைக்குக் குறுக்காக, இடுப்பை ஒட்டி, தரையை நோக்கி இறங்குகிறது. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு அந்தத் தொடையைத் தரையோடு சேர்த்து அமுக்குகிறது. அனுபவித்தவர்களுக்குத் தெரியும், தொடையில் அந்த எலும்பு உருளும் வலி மறக்காது. காலுக்கு வேலை இவ்வளவுதான். பார்க்கிறவர்கள் கண் முழுக்க இந்த முழங்காலில்தான் இருக்கும். ஆட்டம் முடிவாவது அதற்கு ஒன்றரை அடி மேலே, அக்குளில்.

மேலிருப்பவரின் வலது கை எதிராளியின் இடது அக்குளுக்கு அடியில் புகுந்து தோள்பட்டையின் பின்புறம் வரை ஏற வேண்டும். அண்டர்ஹுக் என்பது இதுதான். அதே சமயம் இடது கை எதிராளியின் வலது முழங்கையைத் தரையிலிருந்து மேலே இழுத்துப் பிடிக்க வேண்டும், அவர் அதை ஊன்றி எழாதபடி. தலை அவர் தாடையோரம் அழுத்தியிருக்க வேண்டும். இவை அமைந்துவிட்டால் எதிராளி தட்டையாகக் கிடப்பார், பக்கவாட்டில் திரும்ப வழி இருக்காது. மேலிருப்பவரின் பாதம் மட்டும் அவருடைய கால்களுக்கிடையே சிக்கியிருக்கும். அதை ஆற அமர உருவிக்கொள்ளலாம். மாறாக, எதிராளியின் இடது கை மேலிருப்பவரின் வலது அக்குளுக்குள் நுழைந்துவிட்டால், அதே முழங்கால், அதே கோணம், அதே வேகம் எல்லாம் இருந்தும் அவர் பக்கவாட்டில் எழுந்து முதுகுக்குப் போய்விடுவார். பாஸுக்கு 3 புள்ளி. முதுகைப் பிடித்தால் 4. ஒரு கை எந்த அக்குளில் இருக்கிறது என்பதில் இவ்வளவு வித்தியாசம்.

என் அளவுகோல்களில் கடைசியாகச் சொன்னதற்கு இதுவே பதில். அண்டர்ஹுக் என்ற பிடி நீ-கட்டோடு நிற்பதில்லை. மேலிருப்பவரின் ஒரு காலை மட்டும் பின்னிப் பிடிக்கும் ஹாஃப் கார்டைக் கடக்க அது வேண்டும், பாடி-லாக்குக்குப் போகும் வழியில் அது வேண்டும், நின்று மல்லுக்கட்டும்போதும் அதற்காகத்தான் சண்டை. கீ உடையோ, வெறும் பனியனோ, அக்குள் அக்குள்தான்; துணிப் பிடி இல்லாமல் போனாலும் பாஸ் உயிரோடு இருக்கும். டோரியாண்டோவில் தேறியவர் டோரியாண்டோவில் தேறியிருப்பார். நீ-கட்டில் தேறியவர் எதிராளியைத் தட்டையாக்குவது என்ற பொதுக் கலையில் பாதி தூரம் வந்திருப்பார்.

உடல்வாகு என்ற கேள்விக்கு லியாண்ட்ரோ லோ ஒருவரே வலுவான சாட்சி. 2022 ஆகஸ்டில் சாவ் பாவ்லோவில் சுட்டுக் கொல்லப்பட்ட இந்த வீரர் எட்டு உலகப் பட்டங்களை ஐந்து வெவ்வேறு எடைப்பிரிவுகளில் வென்றவர். ஒல்லியாக இருந்தபோதும் கனத்தபோதும் அவர் நம்பிய ஆயுதங்களில் முதன்மையானது நீ-கட். இலகு எடையில் பலமுறை உலக சாம்பியனான லூகாஸ் லெப்ரி இதே பாஸை வேறு தாளத்தில் ஆடினார். லோ வெடிப்பார், லெப்ரி நெருக்குவார். ஒரே பாஸ் இரண்டு சுபாவத்துக்கும் இடம்கொடுத்திருக்கிறது.

இந்தச் சாட்சியத்தை ஓர் அளவுக்கு மேல் இழுக்கக் கூடாது. உலக சாம்பியனுக்குப் பலித்தது புதியவருக்கு ஏற்றது என்று ஆகிவிடாது. அந்தத் தர்க்கத்தில் போனால் தலைகீழாக உருண்டு முதுகைப் பிடிக்கும் மெண்டஸ் சகோதரர்களின் பெரிம்போலோவை முதல் வகுப்பில் வைக்க வேண்டியிருக்கும். லோ, லெப்ரி கதை நிரூபிப்பது ஒன்றை மட்டும்: எதிராளி எவ்வளவு தேறினாலும் இந்தப் பாஸ் காலாவதி ஆவதில்லை. வெள்ளை பெல்ட்டில் கற்றதைக் கருப்பு பெல்ட்டில் தூக்கிப்போட வேண்டியதில்லை.

நீ-கட்டுக்கு எதிரான வழக்கும் லேசானதல்ல. முதுகைப் பறிகொடுக்கும் அபாயத்தை மேலே பார்த்தோம். தோல்வியின் விலையில் இது டோரியாண்டோவைவிட மோசம் என்பதை மறைக்க முடியாது. எதிராளி மேல் முழங்காலை மடக்கி மார்புக்குக் குறுக்கே கொடுக்கும் நீ-ஷீல்டு இதை அப்படியே நிறுத்திவிடும். முன்வைத்த காலின் வெளிப்பக்கமாகத் தன் காலைச் சுற்றிக் கொக்கி போடும் டி லா ஹிவா கார்டு, முழங்கால் உள்ளே நுழையும் முன்பே சமநிலையைக் குலைக்கும். அதைவிட அடிப்படையான குறை, புதியவர் பெரும்பாலும் மாட்டிக்கொண்டிருப்பது மூடிய கார்டில், அங்கே முழங்காலை நுழைக்க இடமே இல்லை. கார்டைத் திறப்பது தனி வேலை, நீ-கட் அதைச் செய்யாது. டபுள் அண்டரை ஆதரிப்பவர்கள் சொல்லும் வாதங்களில் எனக்குச் சரியாகப் பட்டது இதுதான்.

ஆனால் எழுந்து நின்று திறக்கும் முறையை எடுத்துக்கொண்டால் இந்தக் குறை பாதி கரைந்துவிடுகிறது. எதிராளியின் ஒரு கையைச் சட்டையோடு சேர்த்து அவர் மார்பில் அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு காலாக எழுந்து நின்று, முதுகை நிமிர்த்தி, ஒரு கையால் அவர் முழங்காலைக் கீழே தள்ளினால் பின்னிய கணுக்கால்கள் பிரியும். பிரியும் அந்தக் கணத்தில் ஒரு முழங்கால் நடுவில் வந்து நிற்கும். நீ-கட் தொடங்குமிடம் அதுவேதான். திறப்பதும் கடப்பதும் ஒரே ஓட்டத்தில் இணைகின்றன. மண்டியிட்டுத் திறந்தால் இந்த இணைப்பு கிடைக்காது. நிற்பதில் ஆபத்து உண்டு, கீழிருப்பவர் இரண்டு கணுக்காலையும் பிடித்துப் பின்னால் தள்ளிவிடலாம். விழுந்தால் 2 புள்ளி போகும். கழுத்து போகாது. அந்தப் பேரம் எனக்குச் சம்மதம்.

தீர்ப்பு நீ-கட்டுக்குச் சாய்கிறது என்பது இப்போது தெரிந்திருக்கும். ஆனால் பெரும்பாலான கூடங்களில் அது கற்பிக்கப்படும் விதத்தை ஏற்க முடியவில்லை. ஆசிரியர் நடுவில் நின்று காட்டுவார். கால் இங்கே, கை இங்கே, முழங்கால் இப்படி, இடுப்பு அப்படி. மாணவர்கள் ஜோடி ஜோடியாகப் பிரிந்து, அசையாமல் கிடக்கும் துணைவர் மேல் பத்துப் பத்துத் தடவை செய்வார்கள். அசையாத துணைவர் அண்டர்ஹுக்குக்குச் சண்டை போட மாட்டார், முழங்காலைக் கேடயமாக வைக்க மாட்டார். ஆகவே இந்தப் பயிற்சியில் வளர்வது முழங்காலைச் சறுக்கும் அழகு மட்டும். ஆட்டத்தை முடிவுசெய்யும் அந்தக் கைச் சண்டை ஒருமுறைகூட நடப்பதில்லை. பிறகு சுற்று தொடங்கியதும் மாணவர் முழங்காலை அழகாகச் செலுத்துவார், முதுகை அழகாகப் பறிகொடுப்பார்.

அசைவை மனப்பாடம் செய்வது மட்டும் திறமையாகாது என்பதற்குப் பழைய சான்று உண்டு. 1920களில் மாஸ்கோவின் மத்தியத் தொழில் ஆய்வு நிறுவனத்தில் உடலியலாளர் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன் தேர்ந்த தொழிலாளிகள் சுத்தியல் அடிப்பதைப் படமெடுத்து அளந்தார். சுத்தியலின் முனை திரும்பத் திரும்பக் குறியில் விழுந்தது. ஆனால் தோள், முழங்கை, மணிக்கட்டு எடுத்த பாதை ஒவ்வொரு அடியிலும் மாறியது. கைதேர்ந்தவர் அசைவைப் பிரதியெடுப்பதில்லை, விளைவைத்தான் திரும்பத் திரும்ப எட்டுகிறார். இன்று ஜியு-ஜிட்சுவில் மேரிலாந்தின் கிரெக் சௌடர்ஸ் போன்றவர்கள் இந்தச் சிந்தனை மரபைக் கையிலெடுத்து, உயிரற்ற மனனப் பயிற்சியே வேண்டாம், விதி போட்ட சின்னச் சின்ன ஆட்டங்களே போதும் என்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகத் தயாரில்லை. முழங்கால் எந்தத் தொடைக்குக் குறுக்கே போகிறது என்பதையே அறியாதவரை ஆட்டத்தில் இறக்கினால் அவர் அரைமணி நேரம் தடுமாறுவார், துணைவரின் முழங்கால் மூட்டுக்கும் நல்லதல்ல. ஒரு பத்து நிமிடம் அசையாத துணைவரிடம் வடிவத்தைப் பார்த்துக்கொள்வதில் குற்றமில்லை. அந்தப் பத்து நிமிடமே முழு வகுப்பாகிவிடுவதுதான் குற்றம்.

நீ-கட்டை வாலிலிருந்து கற்பிக்க வேண்டும். முதல் வகுப்பில் பாஸ் கிட்டத்தட்ட முடிந்த நிலையிலிருந்து தொடங்கலாம். மார்பு மார்போடு, அண்டர்ஹுக் கையில், எதிராளி தட்டையாக, மேலிருப்பவரின் ஒரு பாதம் மட்டும் அவர் கால்களுக்கு நடுவே சிக்கியிருக்கிறது. அதை உருவினால் மேலிருப்பவருக்கு வெற்றி. அண்டர்ஹுக்கைக் கைப்பற்றினால் கீழிருப்பவருக்கு வெற்றி. இருவரும் உண்மையாகவே முயல வேண்டும். புதியவர் முதல் நாளே பாஸின் இனிமையான பகுதியை ருசிக்கிறார், எடையை எங்கே வைப்பது என்பதை எதிர்ப்பின் நடுவே கற்கிறார். இது கைவந்தபின் ஒரு படி பின்னால் போகலாம்: முழங்கால் தொடையின் மேல் இருக்கிறது, அண்டர்ஹுக் இன்னும் யாருக்கும் இல்லை. பிறகு நீ-ஷீல்டோடு தொடங்கும் ஆட்டம். கடைசியில்தான் மூடிய கார்டிலிருந்து எழுந்து நின்று திறப்பது. வழக்கமான பாடம் இதற்கு நேர் தலைகீழாகப் போகிறது: மூடிய கார்டில் தொடங்கி, திறப்பதிலேயே நேரம் தீர்ந்து, நிலைநிறுத்தும் பகுதிக்கு வரும்போது வகுப்பு முடிந்திருக்கும். மாணவர்கள் சுற்றி வந்தபின் மூன்று விநாடி நிற்க முடியாமல் தவிப்பதற்கு இந்த வரிசையும் ஒரு காரணம் என்று நம்புகிறேன்.

இந்த முறைக்குச் சொல்லக்கூடிய எதிர்வாதம், கீழிருப்பவருக்கு முதல் வாரம் முழுக்கத் தோல்வியே மிஞ்சும் என்பது. ஓரளவு உண்மை. ஆனால் கீழிருப்பவரும் அங்கே ரிபெய்ரோ வெள்ளை பெல்ட்டுக்கு விதித்த பாடத்தைத்தான் படிக்கிறார்: அமுக்கப்பட்ட நிலையில் மூச்சு விடவும், ஒரு கையை உள்ளே நுழைக்கவும். அவருடைய பாடமும் பாஸும் ஒரே வகுப்பில் நடக்கலாம்.

தேர்வு முறையும் இதோடு மாற வேண்டும். பெல்ட் தேர்வில் அசையாத துணைவர் மேல் பாஸைச் செய்துகாட்டச் சொல்வது சடங்கு. அதற்குப் பதில் அண்டர்ஹுக் யாருக்கும் இல்லாத நிலையிலிருந்து, தன் எடையுள்ள இன்னொரு வெள்ளை பெல்ட்காரருக்கு எதிராக, மாணவர் கடந்து நிற்கிறாரா என்று பார்த்தால் போதும். எல்லாத் தடவையும் கடக்க வேண்டியதில்லை. அண்டர்ஹுக்கை இழந்த கணத்தில் அதை உணர்ந்து, முழங்காலை மேலும் செலுத்தாமல் பின்வாங்குகிறாரா என்பதையே நான் முதலில் கவனிப்பேன். நீ-கட்டின் விலையுயர்ந்த தோல்வியை மலிவாக்குவது அந்தப் பின்வாங்கல்தான். தோல்வியின் விலை என்ற அளவுகோலில் இந்தப் பாஸ் தேர்வாவதும் அது கற்பிக்கப்பட்டால் மட்டுமே.

இரண்டாம் பாஸ் எப்போது என்று கேட்டால், கூடத்தில் உள்ளவர்கள் இவர் நீ-கட் செய்வார் என்று தெரிந்து முழங்காலை முன்கூட்டியே கேடயமாக வைக்கத் தொடங்கும்போது. கேடயமாக வந்த அந்தக் கால் மேலே, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அதன் முழங்காலைப் பிடித்து மறுபக்கம் தள்ளிவிட்டுச் சுற்றி வந்தால் டோரியாண்டோ. அப்போது கற்கும் டோரியாண்டோ வெறும் ஓட்டமாக இருக்காது, ஏனென்றால் சுற்றி வந்தபின் எடையை எங்கே வைப்பது என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். டபுள் அண்டரை நீல பெல்ட்டுக்குத் தள்ளிவைக்கலாம்; கழுத்து வலி உள்ள துணைவர்கள் மேல் எப்போதுமே வேண்டாம்.